உணவுக்குழாய் பற்றி நான் சொன்ன பொய்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தோட்டத்து மக்களின் வாழ்க்கைக் கதைகளைத் தாங்கள் சேகரிப்பதாக நாளிதழில் படித்தேன். மலேசியாவில் லாபு ரப்பர் தோட்டத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவள் நான். பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. நாளிதழ்களைப் படித்து நானே எழுதக் கற்றுக்கொண்டேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க. இரக்கம் மட்டும் வேண்டாம்.

எனக்கு வந்த நோய் ஸ்க்லெரோடெர்மா. முதலில் குளிர்பட்டால் விரல்கள் வெளுத்தன; பின்பு தோல் இறுகிற்று; இறுதியில் நுரையீரலும் தழும்பேறி இறுகிற்று. ஆக்சிஜன் உருளையின்றிக் குளியலறை வரைகூட நடக்க இயலாத நிலை வந்தபோது, நுரையீரல் மாற்று சிகிச்சைதான் எஞ்சிய வழி என்றார்கள். ஆனால் இந்நோய் உணவுக்குழாயையும் தளர்த்திவிடும். உண்டது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் புதிய நுரையீரலும் கெடும். ஆதலால் எங்களைப் போன்றோரை ஏற்கத் தயங்குவார்களாம்.

மதிப்பீட்டு நாளன்று, இளம் தமிழ்ப் பெண்ணான மருத்துவர் கேட்டார்: "ஆன்ட்டி, சாப்பாடு மேல ஏறி வருதா?"

"இல்லீங்க டாக்டர். ஒண்ணுமில்ல."

அருகிலிருந்த என் கணவர் திடுக்கிட்டுப் பார்த்தார். காலையில் குடித்த கஞ்சி மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே என் தொண்டைக்கு ஏறியதைக் கண்டவர் அவர்.

ஏன் பொய் சொன்னேன்? தோட்டத்தில், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, இருமியவளை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்; அன்றைய கூலி போய்விடும். காய்ச்சலோடு நின்றாலும் "ஒண்ணுமில்ல" என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். மருத்துவரின் முன்னும் அதே வாய்தான் பேசிற்று.

மூக்கின் வழியே மெல்லிய குழாயை இறக்கிச் சோதித்தார்கள், உண்மை வெளிப்பட்டது. மருத்துவர் கோபத்தை அடக்கிக்கொண்டார்.

"ஏன் ஆன்ட்டி மறைச்சீங்க? தெரிஞ்சாதானே வழி பார்க்க முடியும்? தெரியாம ஆப்பரேஷன் பண்ணியிருந்தா நாங்களே உங்கள கொன்ன மாதிரி."

"வழி இருக்கா டாக்டர்?"

"இருக்கு, ஆனா கஷ்டம். வாயால ஒண்ணும் சாப்பிடக்கூடாது. குடல்ல டியூப் போட்டு அதுல சத்துப்பால் விடணும், மாசக்கணக்கா. அப்பவும் கமிட்டி வேணாம்னு சொல்லலாம்."

"போதும்லா, வீட்டுக்குப் போவோம்," என்றார் கணவர்.

"நீங்க போய் நண்டுக் கறி ஆக்கிச் சாப்பிடுங்க. எனக்கு டியூப் போடட்டும்."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. "என் ஃபைல்ல அந்தப் பொய்யையும் எழுதுங்க டாக்டர். இனிமே எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்றேன்" என்றேன்.

ஐந்து மாதங்கள் ஒரு பருக்கைச் சோறும் என் நாவில் படவில்லை. லோபாக்கிலிருந்து பார்க்க வந்த உறவுக்காரி, "இந்த வயசுல புது நுரையீரல் எதுக்குக்கா? இருக்கறவரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

"எனக்கென்ன அவசரம்? நீ முன்னால போய் இடம் பிடிச்சு வை" என்றேன். அவள் தேநீரை முடிக்காமலே எழுந்து போனாள்.

மறுசோதனையில், வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் இறங்குவது நின்றிருந்தது. முடிவெடுக்கும் மருத்துவர் குழுவில் சிலர் அப்போதும் தயங்கினார்களாம். ஆயினும் சென்ற வாரம் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார்கள்.

அழைப்பு வருமா என்பதை அறியேன். இன்னொரு வீட்டின் துயரத்திலிருந்துதான் அது வர முடியும். அதற்காக நான் வேண்டிக்கொள்வதில்லை. வந்தால் தலைகுனியாமல் போவேன்.

அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், தாங்கள் சேகரிக்கும் கதைகளோடு இதையும் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.