பின்னால் வந்த மூச்சு

மதுரையிலிருந்து ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்த புதிது. காலையில் ஏரிக்கரையில் ஓடுவேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தினமும் என் பின்னாலேயே ஓடி வந்தார். நான் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுவார், குறைத்தால் குறைப்பார். புஸ் புஸ்ஸென்ற அந்த மூச்சுச் சத்தம் என் முதுகிலேயே ஊர்வது போலிருந்தது.

நான்காம் நாள் திரும்பி நின்றேன். "எதுக்குய்யா எம் பின்னாடியே வர்றே?"

அவர் மூச்சிரைக்கச் சிரித்தார். "உங்க காலு சத்தத்துலதான் மேடம் என் உசிரு ஓடுது."

"செருப்பு பிஞ்சிரும்!" என்று கத்தினேன். கூட்டம் கூடியது. அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

மதியம் கேன்டீனில் இதைப் பெருமையாகச் சொன்னேன். உள்ளூர்க்காரி மஞ்சுளா சிரிக்கவில்லை.

"அவரு கன்னடக்காரரா இருக்கும்க்கா. கன்னடத்துல உசிருன்னா மூச்சு. மூணு அடிக்கு இழுத்து ரெண்டு அடிக்கு விட்டா சீக்கிரம் இரைக்காது. உங்க காலு சத்தத்தை வெச்சு எண்ணியிருப்பாரு."

அவள் சொன்னதையும் நம்பாமல்தான் மறுநாள் அப்படி ஓடிப் பார்த்தேன். வழக்கமாக நான் நின்றுவிடும் மேட்டை இரைக்காமல் தாண்டினேன். அவரிடம் சொல்லத் திரும்பினேன். யாருமில்லை.

இன்றும் அடிகளை எண்ணித்தான் ஓடுகிறேன். காது மட்டும் பின்னாலேயே இருக்கிறது.