கோட்டைக்குள் வந்த தையல்காரர்

பழைய கோட்டை நகரத்தை நடந்தே சுற்றிக் காட்டுவதுதான் கோட்டைக்காரம்மாவின் வேலை. அவர் பேசத் தொடங்கினால் எண்ணூறு வருடத்துக் கல்லுக்கும் வாய் முளைக்கும் என்பார்கள். மதில் கட்டிய கொத்தர்களின் சண்டை, முற்றுகைக் காலத்தில் புறா தின்று உயிர் பிழைத்த காவலர்கள், கோபுரத்து ஜன்னலில் கயிறு கட்டி இறங்கி ஓடிப்போன தளபதி மகள் எல்லாம் அவர் வாயில் பக்கத்து வீட்டு விவகாரமாகிவிடும்.

கணவர் தையல்காரர். கோட்டை வாசலுக்குச் சற்றுத் தள்ளித்தான் கடை, மேலே வீடு. ஆனாலும் மனிதர் ஒருநாளும் மதிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. இந்தச் சட்டை முடியட்டும், அந்தக் கோட்டு முடியட்டும் என்று காலம் ஓடிவிட்டது. புதுக் கதை கிடைத்தால் மட்டும் கோட்டைக்காரம்மா தையல் மிஷின் பக்கத்தில் முக்காலி போட்டு அவரிடம் சொல்லிப் பார்ப்பார். அலுப்புத் தட்டினால் தையல்காரர் மிஷினை வேகமாக மிதிப்பார். கதையில் அந்த இடத்தை மனைவி வெட்டிவிடுவார்.

ஒரு பனிக்காலக் காலையில் கோட்டைக்காரம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்று வந்தது, சொல் வரவில்லை. கோட்டை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். வேறு கைடு கிடையாது. கோட்டைக்காரம்மா கணவர் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கதவைக் காட்டினார்.

"நானா? எனக்கு வழிகூடத் தெரியாதே," என்றார் தையல்காரர்.

கோட்டைக்காரம்மா குடையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

எங்கும் மூடுபனி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தையல்காரர் பின்னால் போனார். வாசலில் காத்திருந்தவர்கள் முன் முதலில் நாக்குக் குழறியது. பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன, மனைவி மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் மூச்சு வாங்கும் அளவுக்கு. சொல்லச் சொல்ல, சொன்னதெல்லாம் பனியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. வாசல் வளைவு, அம்பு எய்யும் பிளவுகள், தேய்ந்து குழிந்த படிகள். மனதுக்குள் தைத்து வைத்திருந்த கோட்டை வேறு அளவு. கோபுரம் இத்தனை ஒல்லியென்று அவர் நினைத்ததில்லை. கனவில் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, இது நம் வீடுதான் என்று தெரிந்துகொள்வதுபோல இருந்தது.

கடைசியில் நிலத்தடி நீர்த்தொட்டி. முற்றுகையின்போது ஊரே இந்தத் தண்ணீரில்தான் பிழைத்தது என்று தொடங்கியவர், பாதியில் நின்றுவிட்டார். விளக்கொளியில் தூண்கள் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கிக்கொண்டே போயின. எங்கோ சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. எதிர்க்கரையில் மனைவி நின்றார், தண்ணீரிலும் நின்றார்.

"இவ எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. நான் ஏதோ கெணறுன்னு நெனச்சிருந்தேன்," என்றார் தையல்காரர். நெனச்சிருந்தேன், நெனச்சிருந்தேன் என்று தூண்கள் திருப்பிச் சொல்லின.

கூட்டத்தில் வந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்ல, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஊமை கண்ட கனவும்பாங்களே, அப்படி இருக்குங்க. சொல்லத் தெரியல."

கோட்டைக்காரம்மா சுற்றி வந்து கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சொட்டுகளைக் கேட்டபடி நின்றார்கள்.

திரும்பும் வழியில், அந்தக் கோபுரத்து ஜன்னலில் தளபதி மகள் எப்படி நுழைந்து இறங்கியிருப்பாள் என்று தையல்காரருக்குத் தொழில் சந்தேகம் வந்தது. நாடாவை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இவ்வளவுதான் அகலம். என்ன இடுப்பா இருக்கும்?"

கோட்டைக்காரம்மா தொண்டையைச் செருமினார். கரகரவென்று ஏதோ வந்தது. "முற்றுகைங்க. சோறு எங்க கெடச்சிருக்கும்?"

குரல் பிறகு தேறியது, ஆனால் பழைய கணீர் இல்லை. நிலத்தடியில் எடுபடாது. இப்போதெல்லாம் சுற்றிக் காட்டும் வேளைக்குத் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு உடன் போகிறார். தெருக்கள் மனைவியுடையவை, தண்ணீர் அவருடையது. சில நாள் கதை சொல்வார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டதே இல்லை.