ஒரே நம்பரில் முப்பத்தெட்டுப் பேர்

ராஜபாளையத்தில் யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால், உறவுக்காரர்கள் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர் வைகுண்டராஜ். தொழிலாளர்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பதிவது அவர் உத்தியோகம். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களைச் சேர்ப்பது யாரும் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்ட வேலை.

1986இல் ரத்தினம் என்ற தொழிலாளியின் கை இயந்திரத்தில் மாட்டியது. வைகுண்டராஜ் நான்கு பேரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். நான்கு பேர் ரத்தமும் சேரவில்லை. கடைசியில் கொடுத்தவர் வாசலில் சும்மா நின்ற ஒரு பஸ் கண்டக்டர். மறுநாளே வைகுண்டராஜ் ஒரு நோட்டு வாங்கினார். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, போன் நம்பர் என்று நான்கு கட்டம் போட்டார். பதின்மூன்று வருடத்தில் அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

மில் ஆட்களில் வீட்டில் போன் வைத்திருப்பவர் குறைவு. அவர்கள் கொடுப்பது பிபி நம்பர், அதாவது பக்கத்துக் கடையின் நம்பர். கூப்பிட்டால் கடைக்காரர் ஆளனுப்பி அழைத்து வருவார். மில் வாசலுக்கு எதிரே கருத்தப்பாண்டியின் டீக்கடை. அந்தக் கடை நம்பரை மட்டும் முப்பத்தெட்டுப் பேர் கொடுத்திருந்தார்கள்.

1999 ஜூனில் வைகுண்டராஜின் கைக்கே ஒரு செல்போன் வந்தது. ஒரு மில் முதலாளியின் மருமகன் சிங்கப்பூரில் இருந்தார். அவர் மனைவிக்கு இங்கே ஆபரேஷன் நடந்தபோது வைகுண்டராஜின் ஆட்கள் இருவர் ரத்தம் கொடுத்தார்கள். அந்த நன்றிக்குத் தன் பழைய போனையே கொடுத்துவிட்டுப் போனார். மூடியிருந்தால் போன், புத்தகம்போல் விரித்தால் உள்ளே குட்டிக் கம்ப்யூட்டர். கூடவே ஒரு சிடி, ஒரு கேபிள், இருநூறு பக்க ஆங்கிலப் புத்தகம். “இதுல ரெண்டாயிரம் பேரப் போடலாம், அண்ணாச்சி.”

போட விட்டால்தானே. முதலில் அது எந்த ஊர் என்று கேட்டது. பட்டியலில் ராஜபாளையம் இல்லை, சென்னைகூட இல்லை. டெல்லி, பம்பாய், கொழும்பு இருந்தன. பக்கத்தில் இருப்பது கொழும்புதானே என்று அதை அமுக்கினார். அதிலிருந்து கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடியது. டைம் ஆபீஸ்காரருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அடுத்த தடை சிக்னல். அது இன்னும் ஊருக்கு வரவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் போனில் நம்பரைப் பார்த்துக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போக வேண்டும்.

“கையில போன வச்சுக்கிட்டு போன் பண்ண பூத்துக்குப் போற ஒரே ஆளு நீங்கதான்” என்றார் மனைவி ஜெயபாய்.

“சிக்னல் வரும்ட்டி. அதுக்குள்ள பேரை எல்லாம் ஏத்தி வச்சிருவேன்.”

“ஒரு வாரமா எத்தன பேரு ஏறியிருக்காவ?”

“பதினொண்ணு.”

பொத்தான்கள் மிளகு அளவு. ஒரு பெயருக்குக் கால் மணி நேரம். ரத்த வகைக்கு அதில் இடமே கிடையாது. கம்பெனி பெயர் கேட்கும் கட்டத்தில் அதை எழுதினார். கம்ப்யூட்டரில் அடித்துக் கேபிள் வழியாக மொத்தமாக ஏற்றலாம் என்று புத்தகத்தில் இருந்தது. ஏற்றிய பதினொன்றையும் அழித்துவிட்டு, நோட்டும் போனுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்.

மாட வீதியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சக்ரபாணி இந்த மாதிரிப் போனைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் “பண்ணிடலாம் சார்” என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அடித்து முடிக்க மூன்று மத்தியானம் ஆனது. பிறகு கேபிளைச் செருகப் போனால் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த ஒரே ஓட்டையில் மவுஸ் செருகியிருந்தது. மவுஸைப் பிடுங்கினால்தான் போனைச் செருக முடியும். மவுஸ் இல்லாவிட்டால் திரையில் எதையும் தொட முடியாது.

“இது என்னய்யா கூத்து?”

“டேப் கீயை அமுக்கி அமுக்கியே போகலாம் சார். செத்த பொறுங்கோ.”

அமுக்கி அமுக்கிப் போனார்கள். பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் தடவை முழுதாக ஏறியது. எண்ணிப் பார்த்தால் நானூற்று இருபத்து நான்கு. ஒவ்வொருவரும் இரண்டு தடவை ஏறியிருந்தார்கள்.

சக்ரபாணி திரையில் துழாவி, ஒன்றுக்கு இரண்டாக இருப்பதை நீக்கும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்தார். நீக்கவா என்று கேட்டது. சரி என்று அமுக்கினார். பத்து நொடியில் முடிந்தது. வைகுண்டராஜுக்கு மறு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நோட்டைச் சென்டரிலேயே விட்டுவிட்டு, நாளை வந்து ஒத்துப் பார்க்கலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் மத்தியானம் மூன்றரைக்கு டைம் ஆபீஸ் ஜன்னலில் சோழபுரத்து ஐயாதுரை நின்றார். தனியார் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அழகுத்தாய்க்குப் பிரசவம் ஆகியிருந்தது. பிள்ளை நலம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகட்டிவ் ஒரு பாட்டில் வேண்டும், ஐந்து மணிக்குள். மதுரையிலிருந்து வரவழைத்தால் ஏழாகிவிடும்.

வைகுண்டராஜ் போனை விரித்து ஏ நெகட்டிவ் என்று தேடினார். ஒரு பெயர்கூட இல்லை. மொத்தம் எத்தனை பேர் என்று பார்த்தார். அறுபத்து மூன்று.

கருத்தப்பாண்டி கடை நம்பரைத் தேடினார். முப்பத்தெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வீரணன் மட்டும் இருந்தார், பி பாசிட்டிவ். அப்போதுதான் விளங்கியது. அந்த இயந்திரம் பெயரைப் பார்க்கவே இல்லை. நம்பரை மட்டும் பார்த்து, ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்று முடிவு கட்டி, மற்றவர்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டது.

ஐயாதுரையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் பூத்துக்கு ஓடினார். சென்டருக்கும் பிபி நம்பர்தான், எடுத்தது பக்கத்துக் கடைக்காரர். சக்ரபாணி கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டார், பூட்டுச் சாவியும் அவரிடம். நோட்டு உள்ளே.

ஏ நெகட்டிவ் ஆட்கள் இருவர் வைகுண்டராஜின் நினைவில் இருந்தார்கள். ஒருவர் திருப்பூர் போய்விட்டார். மற்றவர் போன மாதம்தான் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் மில்லில் ரத்த வகை பார்க்கும் முகாம் நடந்தது. அதில் புதிதாக இரண்டு ஏ நெகட்டிவ் சேர்ந்தது ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் டீக்கடை நம்பர்தான். பெயர்தான் வரவில்லை. மணி நாலே கால் ஆகியிருந்தது.

கடைக்குப் போட்டார்.

“யாரு வேணும், அண்ணாச்சி?” என்றார் கருத்தப்பாண்டி.

“பேரு தெரியலப்பா.”

“பேரு தெரியாம யாரப் போய்க் கூப்பிட? சிங்கப்பூர் போன்ல கேட்டுப் பாருங்க.”

“ஏலே, வெளையாடாத. ஷிப்டு விட்டாச்சா? கடையில எம்புட்டுப் பேரு நிக்கான்?”

“அம்பது அறுவது இருக்கும்.”

“ஏ நெகட்டிவ் யாருன்னு சத்தம் போட்டுக் கேளு. பிள்ளை பெத்தவ உசுருக்குப் போராடுதா.”

கருத்தப்பாண்டி கேட்பது பூத்தில் நின்ற ஐயாதுரைக்கே கேட்டது. டம்ளர் சத்தம் நின்றது. பிறகு பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாக. பாதிப் பேருக்குத் தங்கள் வகையே தெரியவில்லை. யாரோ ஒருவன், “எனக்கு ஓ-வா ஏ-வா, மறந்து போச்சு, வந்து பாத்துக்கிடுங்க” என்றான். மீட்டரில் எண் ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணாச்சி, பால்பாண்டின்னு ஒருத்தன். முகாம் சீட்ட சட்டப்பையில வச்சிருக்கான். ஏ-க்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டிருக்கு.”

“அவன்தான்! அனுப்பு.”

“காலையிலருந்து சாப்பிடலைங்கான்.”

“ரெண்டு பன்னும் பாலும் குடு. சைக்கிள்ல வச்சு நீயே கூட்டியா.”

நாலே முக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் சேர்ந்தது. ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்து ஐயாதுரையிடம், ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனி பயமில்லை என்றார். ஐயாதுரை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வைகுண்டராஜ் பால்பாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து போனை விரித்தார். பெயரையும் ரத்த வகையையும் தேதியையும் ஏற்றினார். டீக்கடை நம்பரை அடித்ததும் போன் ‘டிங்’ என்றது. இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, வீரணனை எடுத்துவிட்டு இவரை வைக்கவா என்று கேட்டது.

“வேண்டாம்ங்கேன்” என்று மறுப்பை அமுக்கினார். பால்பாண்டி அழிந்துபோனார். மறுபடி ஏற்றினார். மறுபடி ‘டிங்’.

இரண்டு தடவை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பால்பாண்டி கேட்டார். “நம்பருக்குப் பின்னால ரெண்டு எழுத்துச் சேத்துப் போட்டா என்ன அண்ணாச்சி? முழு நம்பரும் போன பொறவு எதை அமுக்கினாலும் அந்தப் பக்கம் மணி அடிக்கத்தானே செய்யும்.”

வைகுண்டராஜ் நம்பருக்குப் பின்னால் 02 என்று சேர்த்தார். போன் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது.

இன்னும் முப்பத்தாறு பேர் அந்தக் கடையில் மட்டும் பாக்கி. மற்ற கடைகளிலும் நூறுக்கு மேல். மறுநாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். நோட்டை வாங்கி, எல்லாருடைய நம்பருக்குப் பின்னாலும் வால் சேர்த்து, மவுஸ் இல்லாமல் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகலாம் என்று போனைப் பார்த்தார். அதில் மணி ஏழு. ஆஸ்பத்திரிச் சுவரில் ஆறரை.