உறுதி வங்கியிலேயே இருக்கட்டும்

சில வருடங்களுக்கு முன், மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தில் எங்கள் வட்டக்கச்சி வயல் நன்றாக விளைந்தது. நெல் விற்ற காசு முழுவதையும் கட்டி வீட்டுக் கடனை முடித்து, அதற்கு ஈடாக வைத்த காணி உறுதிப் பத்திரத்தை மீட்க வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

வங்கியில் கடன் பகுதியில் இருந்த பெண் கேட்டார்: "அக்கா, அடுத்த விதைப்புக்குக் காசு இருக்கோ?"

"என்ர தாலிக்கொடி கிடக்குது. அடைவு வைச்சுக் காசெடுப்பம்."

"அடைவு வட்டி இதைவிடக் கூட. யோசிச்சுப்போட்டு வாங்கோ."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் காசோடு திரும்பினேன்.

அடுத்த காலபோகம் விதைத்த கிழமையே வெள்ளம் முளைகளை அள்ளிப்போனது. அந்தக் காசில்தான் திரும்ப விதைத்தோம்.

இப்போது ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் இரண்டு விதைப்புக்கான காசை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தையே கடனுக்குக் கட்டுகிறேன். உறுதி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. கொடி என் கழுத்தில் இருக்கிறது.