மேல் பிரிவுக்குக் கை உயர்த்தியவர்

மகனின் கல்லூரி அணி ஃபுட்போல் விளையாடும் நாட்களில், வெக்ஸ்போர்ட்டிலிருந்து வரும் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். பெயரை நான் கேட்டதில்லை. அவருடைய மகனும் அதே அணிதான். ஆனால் அவனை மைதானத்தில் இறக்கி நான் பார்த்ததில்லை. மெலிந்த, உயரமான மனிதர். ஜாக்கெட் ஸிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டிருப்பார். எங்கள் அணி வென்றால் எழுந்துபோய், எதிரணிப் பெற்றோருக்குக் கைகொடுத்து, இங்கிலீஷில் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். நாங்கள் எப்போதும் வென்றுகொண்டிருந்ததால் அவருக்கு வேலை அதிகம்.

அப்படி வென்றதால்தான், போட்டியில் மேல் பிரிவுக்குப் போவோமா என்று கேட்கப் பெடியளையும் பெற்றோரையும் கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். போனால் வெளியிலிருந்து ஆட்களை எடுக்கவேண்டும், இப்போது ஆடாமல் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடம் இராது என்று கோச் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, விருப்பமானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். என் மகனுக்கு இடம் உறுதி. இருந்தும் தயங்கினேன். பெற்றோரில் முதலில் உயர்ந்தது அவருடைய கை.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"அண்ணை, உங்கட மகனை நிப்பாட்டிப் போடுவினமெல்லே?"

"ஓம் தங்கச்சி, தெரியும்."

"பிறகேன் கையை உயர்த்தினீங்கள்?"

"முன் வரிசையில அவனே கையை உயர்த்திக்கொண்டிருந்தவன். தனிய விட ஏலுமே?"

மேல் பிரிவில் முதல் ஆட்டத்திலேயே எங்களுக்குப் படுதோல்வி. அணியில் இல்லாத மகனைக் கூட்டிக்கொண்டு அவர் வந்திருந்தார். இருவரும் கடைசிவரை கைதட்டினார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் மகன் எப்படி விளையாடினான் என்று நான் கவனிக்கவில்லை.