கைப்பிடிக்குப் போதாத ஒயர்

கூடை ஒயர் விற்கிறவளுக்கு நாக்கு நீளமாக இருந்தால் போதும், ஒயர் நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில், தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட தொழில் ரகசியம் இது. கூடை ஒயர், எம்பிராய்டரி நூல், உல்லன், பாசிமணி என்று பொழுது போகாத பெண்களுக்கான சாமான் அத்தனையும் என் கடையில் இருந்தன. பொழுது போகாதவர்களில் முதல் ஆள் நான்தான். கடையை ஆரம்பித்தவர் என் கணவர். அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகள் கல்யாணமாகி பூனாவுக்குப் போய்விட்டாள். கடை மட்டும் எங்கும் போகாமல் என்னோடு இருந்தது. பாதி பின்னிய கூடையும் கையுமாக ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று சண்டை போட்டவர் நீங்கள் என்றால், கவுண்டருக்கு இந்தப் பக்கமும் ஒருத்தி அவதிப்பட்டாள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடுப்புக் கூடை

முன்பெல்லாம் மூன்று கட்டு ஒயர் வாங்கினால் ஒரு நடுத்தரக் கூடை கைப்பிடியோடு முடிந்துவிடும். மிச்சத் துண்டில் பிள்ளைகள் சாவிக்கொத்து பின்னிக்கொள்ளும். ஒரு வருஷம் வந்த சரக்கில் அதே காகிதம், அதே படம், அதே விலை. கட்டுக்கு நடுவே இருந்த ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாகி, ஒயர் குறைந்திருந்தது. எனக்கே அது தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் கூடையைக் கொண்டுவந்து கவுண்டர் மேல் வைத்த பிறகுதான் தெரிந்தது. சிவன் கண் முடிச்சில் அழகாகப் பின்னியிருந்தாள். கைப்பிடி இல்லை.

நான் கொஞ்சமும் கூசாமல், முடிச்சை இறுக்கிப் போட்டிருப்பாய், ஒயர் ஜாஸ்தி இழுத்திருக்கும் என்றேன். அவள் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தினியோ கூட பின்னிட்டேன்க்கா, என் கை அதே கைதான். இத இன்னா, இடுப்புல வெச்சிகினா பஸ் ஏறுவேன்?"

வேலூர்க்காரரின் விளக்கம்

எனக்குச் சரக்கு போட்டவர் வேலூர்க்காரர். மாதம் ஒருமுறை தோல் பையோடு வருவார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் மேல் எனக்குக் கோபம் தங்காது. அன்றைக்கு மட்டும் விடவில்லை. கட்டைப் பிரித்துக் காட்டி, இது அநியாயம் இல்லையா என்றேன். விலையை ஏற்றவே இல்லை, அளவைத்தான் கம்மி பண்ணியிருக்கிறோம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்துப் புது விலைப்பட்டியலோடு வந்தார். இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"இந்த தடவ அளவுல கையே வெக்கலீங்கம்மா. விலய மட்டுந்தான் ஏத்தியிருக்கோம்."

பௌர்ணமி வியாபாரம்

பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரில் நடக்க இடம் இருக்காது. எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக வந்து மலையைச் சுற்றுவார்கள். விபூதி விற்கும், சுண்டல் விற்கும், பிளாஸ்டிக் பாட்டில் கூட விற்கும். கூடை பின்ன வேண்டும் என்று நேர்ந்துகொண்டு யாரும் கிரிவலம் வருவதில்லை. சந்து முனையில் அலை அலையாக ஜனம் போகும். நான் கட்டுகளை நிறவாரியாக அடுக்குவேன், கலைப்பேன், மறுபடி அடுக்குவேன். ஊர் காலியாக இருக்கும் நாளில் தனியாக இருப்பது பழகிவிடும். ஊர் நிரம்பி வழியும்போது தனியாக இருப்பதுதான் தாங்காது.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் ஒரு குடும்பமே படியேறி வந்தது. நான் எழுந்து நின்று, புதுக் கலர் வந்திருக்கிறது, பாருங்கள் என்று நாலைந்து கட்டுகளை எடுத்துப் பரப்பினேன். அந்த அம்மா மரியாதையாக எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. சுத்திட்டு வர்ற வரிக்கும் செருப்ப மட்டும் இங்க வுட்டுட்டுப் போலாங்களா?"

விரதம் முடிந்த அன்று

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பாசிமணி வாங்க வருவார். முதல் நாள் அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஓட்டை ஆங்கிலமானாலும் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைக் காட்டினார். மௌன விரதமாம். பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவளுக்கு ஆண்டவன் அனுப்பிய ஆள் அவர்.

நான் விடுவேனா? அவர் பாசி பொறுக்கும்போதெல்லாம் மகளைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றி, வேலூர்க்காரரைப் பற்றி எல்லாம் சொல்லித் தீர்த்தேன். தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் நெஞ்சில் அட்டை இல்லாமல் வந்தார். விரதம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. இத்தனை நாள் கேட்டதற்கெல்லாம் என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். அவர் பாசி பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"அக்கா, பாசி கம்மி."

ஒரே ஒரு கட்டு

கட்டு சின்னதானதில் ஒரு நல்லதும் நடந்தது. ஒயர் போதாதவர்கள் திரும்பி வந்தார்கள். திட்டிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். வெளியே கம்பெனியைத் திட்டுவேன், உள்ளுக்குள் கம்பெனிக்கு நன்றி சொல்வேன்.

அப்படி வந்தவர்தான் நீலாவதி அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் இருந்தவர், இப்போது பேச ஆளில்லாமல் கூடை பின்னினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவார். ஒயரைப் பற்றி இரண்டு நிமிஷம், மற்றதைப் பற்றி விளக்கு வைக்கும் வரை. வாரத்தில் மற்ற நாட்கள் எனக்கு அந்த நாளுக்கு முந்தியவை, பிந்தியவை, அவ்வளவுதான்.

அப்போது பார்த்து வேலூர்க்காரர் பெரிய கட்டு கொண்டுவந்தார். ஒன்று வாங்கினால் கைப்பிடி வரை ஒரு கூடை முழுசாக முடியும், விலையும் லாபம். எல்லாருக்கும் விற்றேன். செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் பெரிய கட்டுகளை எடுத்து உல்லன் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். நீலாவதி அக்கா வருவார், காலியான அலமாரித் தட்டைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

"ஒரே ஒரு கட்டு குடு சரோஜா. போதலன்னா வந்து வாங்கிக்கிறேன்."

பெரிய கட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பெரிய கட்டு விஷயம் தெரிந்துவிட்டது, பஜாரில் திறந்திருக்கும் புதுக் கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். புதன்கிழமை கடையைப் பூட்டினேன். இருப்பதிலேயே நல்ல நிறமாக ஒரு பெரிய கட்டை எடுத்துக்கொண்டு போளூர் ரோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் இருந்தார். சுவரெல்லாம் ஆணி, ஆணிக்கு ஆணி கூடை. எல்லாம் புதுசு. எதிலும் ஒரு நாளாவது காய்கறி ஏறியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் கைப்பிடி இல்லாமல் ஒன்று. பெரிய கட்டை அவர் மடியில் வைத்து, உங்களிடம் இதை மறைத்து வைத்திருந்தேன் அக்கா என்று சொல்லிவிட்டேன்.

அவர் கட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டு, அதை ஒரு சுற்று சுற்றினார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"புதுக் கடையில இத எப்பவோ பாத்துட்டேன். இத வாங்கிட்டா செவ்வாக்கெழம நான் எங்க போறது? கொண்டும் போயி வெச்சிட்டு, நாளைக்கு வரும்போது சின்ன கட்டா ஒண்ணு எடுத்துனு வா."

இத்தனை வருஷத்தில் விலை ஏறியது, கட்டு இளைத்தது, எனக்கும் வயதானது, ஆனால் எந்தக் கூடையும் ஒரே கட்டில் முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஒயர் வியாபாரி நான்தான் என்று நினைத்திருந்தேன், வாங்க வந்தவரும் அதையேதான் வேண்டியிருக்கிறார்.