ராடார் காப்பாற்றிய வானம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் அக்கா கணவருக்கு ‘ராடார்’ என்று பெயர். கேலிக்கு வைத்தார்கள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பகலில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். மாலையில் நகக்கண்ணில் கறுப்புத் தூளோடு வந்து, கைகூடக் கழுவாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பார். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள், ராக்கெட் மிச்சங்கள் ஆகியவற்றின் பாதை விவரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு மென்பொருளில் போட்டால் எது எதை எப்போது நெருங்கும் என்று சொல்லிவிடும். அது சொன்னதை இவர் தன் வாயால் ஒருமுறை சொல்வார். ஆராய்ச்சி முடிந்தது.

நான் சுவரைப் பார்ப்பேன். அக்கா மட்டும் நிஜமாகவே கேட்பாள். “அப்புறம்?” என்பாள், தட்டை வைத்தபடி.

இரண்டு நெருங்கினால் அவற்றின் சொந்தக்காரக் கம்பெனிக்கு எச்சரித்து மெயில் போடுவார். அவை மோதா. பெரும்பாலும் மோதுவதில்லை.

“பாத்தியா மாப்ள, என் மெயிலப் பாத்துட்டு நகத்திட்டானுங்க!”

“பதில் போட்டாங்களா மாமா?”

“பெரிய எடத்துல பதிலெல்லாம் போட மாட்டாங்க. காரியத்த முடிச்சிருவாங்க.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். பழம் விழாததற்கும் தானே காரணம் என்ற காக்கையை எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

மொட்டைமாடியில் அவருடைய ஆன்டெனா நின்றது. செயற்கைக்கோள்களின் கீச்சொலியைப் பிடிக்கும். கணக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர் அண்ணாந்து பார்க்க ஒன்று வேண்டாமா? அதற்காகத் தளத்தில் அடித்த போல்ட்டின் வழியே மழைநீர் இறங்கி, மேல்மாடி டீச்சரின் கட்டிலில் சொட்டியது. எடுப்பதா, விடுவதா என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றார் சங்கச் செக்ரட்டரி.

மாமாவுக்குக் கிலி பிடித்தது. ஆன்டெனா போனால் அவர் வெறும் ஜெராக்ஸ் மெக்கானிக். அவசரமாக ஓர் ஆபத்து தேவைப்பட்டது. அந்த வாரமே கிடைத்தது. வியாழன் மாலை இரண்டு பொருட்கள் நூறு மீட்டருக்குள் நெருங்கும் என்றது மென்பொருள். ‘வானில் விபத்து அபாயம். உரியவர்களை எச்சரித்துவிட்டேன்’ என்று குடியிருப்பு வாட்ஸ்அப்பில் போட்டார். வியாழன் வந்தது, போனது. வானம் அப்படியே இருந்தது.

ஞாயிறன்று கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை போடும் சட்டையில் மாமா எழுந்தார்.

“மோதியிருந்தா ஆயிரக்கணக்கான துண்டு. உங்க போன், டிவி, எதுவும் மிஞ்சாது. நான் எழுதினேன். அவங்க நகத்தினாங்க. அவ்வளவுதான்.”

செக்ரட்டரி கைதட்டினார். அவர் எதற்கும் தட்டுவார்.

“கூரையில ஒழுகுறத அடைக்கத் தெரியல, வானத்துல மோதுறத நிறுத்தினாராம்,” என்றார் டீச்சர். சிரித்தார்கள். ஆனாலும் கூட்டம் மாமா பக்கம்தான் சாய்ந்தது. உலகத்தைக் காப்பாற்றிய கட்டிடத்தில் குடியிருப்பது யாருக்குத்தான் கசக்கும்?

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அக்கா, வீட்டில் கேட்பது போலவே கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணு பழைய ராக்கெட் கூடு, இன்னொண்ணு எப்பவோ செத்துப்போன சாட்டிலைட்டுன்னுதானே சொன்னீங்க? செத்தத யாரு நகத்துவாங்க?”

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதலில் டீச்சருக்குப் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்கும் புரிந்தது. கை தூக்கச் சொன்னார்கள். தட்டிய கையையே செக்ரட்டரி ஆன்டெனாவுக்கு எதிராகத் தூக்கினார்.

கணக்கு சரிதான். நெருங்கும் என்றார், நெருங்கின, விலகிப் போயின. அதை மட்டும் சொல்லியிருக்கலாம். சரியாக இருப்பது மட்டும் போதாத மனிதர்.

அன்று மாலையே கழற்றச் சொன்னார்கள். மாமா ஏணியில் நின்று ஆன்டெனாக் கம்பத்தின் போல்ட்டுகளைத் திருகினார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நடு சபையில மானத்த வாங்கிட்டியே.”

“புரியலன்னுதாங்க கேட்டேன்.”

அவர் அடுத்த போல்ட்டுக்குப் போனார். கடைசி போல்ட் கையோடு வந்ததும் கீழே குனிந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“அடுத்த வாரம் ஒண்ணு வருது. பாத்துட்டேன். இதுல ஒண்ணு உயிரோட இருக்கு.”

“அப்புறம்?” என்றாள் அக்கா.